கல்லூரியும் கால்பந்துத் திடலும்

நூறாண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலத்திற்கு முன்னர், 1928ஆம் ஆண்டில், நீங்கள் இப்போதுள்ள அதே வயதில் இருந்திருந்தால் உங்களைப் பள்ளி மாணவர் என்று எவரும் அழைத்திருக்கமாட்டார். நீங்கள் கல்லூரி மாணவர். அன்றைய சென்னை மாகாணத்தில் ஆறாம் படிவத்தோடு பள்ளிப்படிப்பு முடிந்தது. அதன்பின் இண்டர்மீடியட் என்னும் ஈராண்டுப் படிப்பைக் கல்லூரியில் பயிலவேண்டும். அதில் தேறியவர் மேலும் ஈராண்டு படித்து இளங்கலைப் பட்டம் பெறலாம். மூன்றாண்டு படித்தால் ஆனர்ஸ் பட்டம். இன்று நாம் மேல்நிலை என்று சொல்லும் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகள் 1978ஆம் ஆண்டிலேதான் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குள் வந்தன. ஆகவே, இக்கட்டுரை பேசும் மாணவர்கள் உங்களைவிட மூத்தவர்கள் அல்லர். மீசை அரும்பும் பருவத்தில், வீட்டை விட்டு முதன்முறையாக வெளியே வந்து, ஒரு பெருநகரில் தனியே வாழத் தொடங்கியவர்கள்.

ஆனால், உங்களுக்கும் அவர்களுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அன்று மாகாணத்தில் நூற்றுக்குப் பத்துப்பேர் அளவிலேதான் எழுதப் படிக்கத் தெரிந்திருந்தனர். அவர்களுள் கல்லூரி வாயிலை மிதித்தோர் மிகச்சிலர். அச்சிலருக்குள்ளும் மாலையில் திடலில் இறங்கிப் பந்து உதைத்தோர் இன்னும் சிலர். யார் உள்ளே வந்தனர், யார் வாசலிலே நின்றனர் என்னும் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டே அக்காலத்துக் கல்லூரி வாழ்க்கையையும் கால்பந்தையும் பார்ப்பது நல்லது.

நெசவுத் தெருவிலிருந்து

வாலாஜாபாத்திலிருந்து காஞ்சிபுரம் செல்லும் சாலையில் ஐயம்பேட்டை இருக்கிறது. முத்தியால்பேட்டை போன்ற அண்டையூர்களைப் போலவே இதுவும் தறியோசையில் விழிக்கும் ஊர். காஞ்சிப் பகுதியின் நெசவூர்களில் தெருக்கள் நீண்டு கிடப்பதற்குக் காரணம் உண்டு. பாவினை விரித்து இழுத்துக் கட்டி, இழை பிரித்து, கஞ்சி தடவி உலர்த்த நெடுந்தெரு வேண்டும். வெயில் ஏறுவதற்குள் அவ்வேலை முடிந்துவிடும். பாவு சுருட்டப்பட்ட பின்னர் அதே தெரு சிறுவர்களுக்கு ஆடுகளமாகிவிடும். கந்தைத் துணியைச் சுருட்டி நூலால் இறுகக் கட்டினால் பந்து. இரண்டு கற்களை வைத்தால் இலக்கு. நெசவாளர் வீட்டில் துணிக்கும் நூலுக்கும் பஞ்சமில்லை.

ஆயினும், அச்சிறுவர் எல்லோருக்கும் ஆட நேரம் கிடைத்ததாகக் கருதவேண்டா. காஞ்சிப் பட்டின் சிறப்பு கோர்வை. புடைவையின் உடல் ஒரு நிறமும் கரை வேறொரு நிறமுமாக இருக்க, இரண்டும் ஒன்றோடொன்று கோத்து நெய்யப்படும். குழித்தறியில் அமர்ந்து மிதியை மிதித்து நெய்பவர் ஒருவரால் மட்டும் அது முடியாது. மறுபுறத்துக் கரையின் நாடாவை எறிந்து வாங்க ஒரு கையாள் வேண்டும். பெரும்பாலும் அந்தக் கையாள் வீட்டுச் சிறுவனே. அவனைப் பள்ளிக்கு அனுப்புவது என்றால் தறியில் ஒரு கை குறையும். வேறொருவரை அமர்த்தினால் கூலி கொடுக்கவேண்டும். ஒரு நெசவுக் குடும்பம் தன் மகனை ஆறாம் படிவம் வரை படிக்கவைத்தது என்று கேள்விப்பட்டால், அந்தப் படிப்புக்குப் பள்ளிக் கட்டணத்தைவிடப் பெரியதொரு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது என்று உணரலாம்.

அவ்வாறு படித்துக் கல்லூரிக்குச் சென்றவருள் தமிழகம் நன்கறிந்தவர் ஒருவர். காஞ்சிபுரத்தில் நெசவுக் குடும்பத்தில் 1909ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் பிறந்த கா. ந. அண்ணாதுரை, அவ்வூர்ப் பச்சையப்பன் உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். குடும்பச் சூழலால் நகராட்சி அலுவலகத்தில் சிலகாலம் எழுத்தராகப் பணிபுரிந்தார். 1928ஆம் ஆண்டில் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் இண்டர்மீடியட் வகுப்பில் சேர்ந்தார். பின்னாளில் தமிழகத்தின் முதலமைச்சரான அவரைக் கால்பந்து வீரராகக் காட்டுவது இங்கு நோக்கமன்று. அவர் ஒளிர்ந்தது சொல்மேடையில். காஞ்சி நெசவுத் தெருவிலிருந்து ஒரு மாணவர் சென்னைக் கல்லூரிக்குள் நுழைந்தபோது அங்கே என்ன இருந்தது என்பதை அவருடைய ஆண்டுக் கணக்கு நமக்குத் திட்டமாகக் காட்டுகிறது. அதற்காகவே அவர் பெயரை இங்கு எடுத்துக்கொண்டோம்.

ஏதென்ஸ் கோயிலும் டிராம் வண்டியும்

காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்குப் போக, செங்கற்பட்டு வரை கிளைப்பாதையில் சென்று அங்கிருந்து எழும்பூருக்கு வண்டி மாறவேண்டும். தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் இடையே மின்தொடர் வண்டி ஓடத் தொடங்கியது 1931ஆம் ஆண்டில். அதற்கு முன் எல்லாம் நீராவிப் புகைதான். நகருக்குள் 1895 முதலே மின்சார டிராம் ஓடிக்கொண்டிருந்தது. கிராமத்து மாணவன் ஒருவனுக்கு மாட்டு வண்டி, புகைவண்டி, டிராம் ஆகிய மூன்றும் ஒரே நாளில் வாய்ப்பது கல்லூரிப் படிப்பின் முதற் பாடம்.

பச்சையப்பன் கல்லூரி அப்போது சேத்துப்பட்டில் இல்லை. உயர்நீதிமன்றத்துக்கு அருகே, இன்று நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் சாலை எனப்படும் தெருவில், 1850இல் திறக்கப்பட்ட மண்டபத்தை ஒட்டி நடந்தது. ஏதென்ஸ் நகரத்துப் பழங்கோயில் ஒன்றை முன்மாதிரியாகக் கொண்டு உயர்ந்த தூண்களோடு எழுப்பப்பட்ட மண்டபம் அது. பச்சையப்ப முதலியார் (1754–1794) விட்டுச்சென்ற செல்வம் நெடுங்கால வழக்குக்குப் பின்னர் கல்விக்கும் பயன்பட்டது. 1842இல் தொடங்கிய பள்ளியே பின்னர்க் கல்லூரியாக வளர்ந்தது. சற்றுத் தொலைவில், அதே ஜார்ஜ் டவுன் பகுதியில், சென்னைக் கிறித்தவக் கல்லூரியும் இருந்தது. கடற்கரையில் மாநிலக் கல்லூரி. நுங்கம்பாக்கத்தில் 1925இல் தொடங்கப்பெற்ற இலயோலா கல்லூரி. பெண்களுக்கென 1914இல் இராணி மேரிக் கல்லூரியும் 1915இல் மகளிர் கிறித்தவக் கல்லூரியும் தோன்றியிருந்தன. 1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவாகும் வரை தமிழ்ப் பகுதி முழுவதற்கும் சென்னைப் பல்கலைக்கழகம் ஒன்றே.

வகுப்பறையில் எல்லாப் பாடங்களும் ஆங்கிலத்தில். தமிழ் இரண்டாம் மொழி. தமிழாசிரியருக்குக் கல்லூரியில் கிடைத்த மதிப்பும் சம்பளமும் ஆங்கிலப் பேராசிரியருக்கு உரியவற்றைவிடக் குறைவு. இதை எழுதும் தமிழாசிரியருக்கு அச்செய்தி சற்று உறுத்தத்தான் செய்கிறது. தேர்வு முறையும் இரக்கமற்றது. ஒரு பாடத்தில் தவறினாலும் தேர்வு முழுவதும் தவறியதாகும். கணிதமேதை இராமானுசன் இதே பச்சையப்பன் கல்லூரியில் 1906இல் சேர்ந்து, இண்டர்மீடியட்டுக்கு முந்திய எஃப்.ஏ. தேர்வில் தேறாமற்போனார் என்பது அம்முறையின் கடுமைக்குப் போதிய சான்று.

உடையிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. வேட்டியின்மேல் கோட்டு, தலைப்பாகை, சிலருக்குக் குடுமி, சிலருக்குக் கிராப்பு என்று ஒரே வகுப்பில் இரண்டு காலங்கள் அருகருகே அமர்ந்திருந்தன. மாலையில் சொற்போர் மன்றம், தமிழ்ச்சங்கம், பல்கலைக்கழகப் பயிற்சிப் படையின் அணிவகுப்பு ஆகியவை மாணவர்களை அழைத்தன. இவை எல்லாவற்றிலும் மிகுந்த ஆரவாரம் எழுந்த இடம் ஆடுகளம்.

பந்தும் பாதமும்

அக்கால ஆட்டத்தை மனக்கண்ணால் காண முதலில் பந்தைத் தெரிந்துகொள்ளவேண்டும். மாட்டுத்தோல் துண்டுகளைத் தைத்து, உள்ளே இரப்பர்ப் பை வைத்துக் காற்றடைத்து, வாயைத் தோல்வாரால் இழுத்துக் கட்டியிருப்பார்கள். சுற்றளவு 27 முதல் 28 அங்குலம். எடை 13 முதல் 15 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 370 முதல் 425 கிராம். இது உலர்ந்த பந்தின் எடை. ஐப்பசி மழையில் தோல் நீரைக் குடித்துவிட்டால் பந்து கல்லாகும். தலையால் முட்டும்போது அந்த வார் நெற்றியில் பட்டால் தழும்பு நிச்சயம். பஞ்சாபின் சியால்கோட் நகரம் இத்தகைய விளையாட்டுப் பொருள்களுக்கு அக்காலத்திலேயே பெயர்பெற்றிருந்தது.

இலக்குக் காவலர் ஒருவர், பின்காப்பாளர் இருவர், இடையாட்டக்காரர் மூவர், முன்னணியினர் ஐவர் என்பதே அன்றைய அணியமைப்பு. இன்று நீங்கள் தொலைக்காட்சியில் காணும் அணிகளில் முன்னணியில் மூவர் நின்றாலே மிகுதி. ஐவர் முன்னேறிய அவ்வாட்டத்தில் வேகம் மிகுதி, காப்பு குறைவு. 1925ஆம் ஆண்டில் ஆஃப்சைடு விதியும் தளர்த்தப்பட்டது. பந்து தம்மை நோக்கி உதைக்கப்படும்போது முன்னணி ஆட்டக்காரர்க்கும் இலக்குக்கும் இடையே எதிரணியினர் மூவரேனும் இருக்கவேண்டும் என்ற பழைய விதி, இருவர் இருந்தால் போதும் என்று மாறியது. கோல்கள் பெருகின. மாற்று ஆட்டக்காரர் என்னும் ஏற்பாடு கிடையாது. ஒருவர் கால் சுளுக்கி வெளியேறினால் எஞ்சிய பத்துப்பேர்தான் ஆடி முடிக்கவேண்டும்.

இந்திய மாணவருள் மிகப்பலர் வெறுங்காலோடு ஆடினர். வறுமை ஒரு காரணம்; ஆனால் அது மட்டுமே காரணம் அன்று. வெறுங்காலுக்குப் பந்தின் போக்கு தெரியும். விரல் நுனியால் திருப்பலாம், உள்ளங்காலால் நிறுத்தலாம். காய்ந்து இறுகிய தரையில் வெறுங்கால் ஆட்டக்காரர் விரைந்து திரும்புவார். சேறான தரையில் காலணிக்கே வெற்றி. குழித்தறியின் மிதியில் பழகிய பாதம் ஒன்று தோற்பந்தை எவ்வாறு கையாண்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மிதியை மிதிப்பவருக்கு இரண்டு கால்களையும் தனித்தனியே ஏவத் தெரியும்.

வெறுங்கால் ஆட்டம் இழிவன்று என்பதை நாட்டுக்கு உணர்த்திய நிகழ்ச்சி கல்கத்தாவில் நடந்தது. 1911 ஜூலை 29ஆம் நாள், மோகன் பகான் அணி ஐ.எஃப்.ஏ. கேடய இறுதிப் போட்டியில் கிழக்கு யார்க்சயர் படைப்பிரிவை 2–1 என்னும் கணக்கில் வென்றது. வென்ற அணியில் ஒருவரே காலணி அணிந்திருந்தார். வெற்றிக்குரிய கோலை அடித்த அபிலாஷ் கோஷ் கல்லூரி மாணவர். ஆளுவோரின் ஆட்டத்தில், ஆளுவோரின் விதிப்படி, அவர்களையே வெல்லமுடியும் என்ற செய்தி மாகாணம் மாகாணமாகப் பரவியது. 1920களில் கல்லூரியில் பயின்றவர்கள் அந்தச் செய்தியைக் கேட்டு வளர்ந்த தலைமுறையினர்.

கிரிக்கெட்டுக்குக் கிடைத்த மதிப்பு கால்பந்துக்குக் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. பொங்கல் நாள்களில் சேப்பாக்கத்தில் ஐரோப்பியரும் இந்தியரும் மோதிய மாகாணக் கிரிக்கெட் போட்டிக்கு நகரப் பெரியோர் திரண்டனர். மட்டை, காலுறை, வெள்ளுடை, நாள் முழுவதும் ஓய்வு ஆகிய அத்தனையும் வேண்டிய ஆட்டம் அது. கால்பந்துக்கு ஒரு பந்தும் ஒன்றரை மணி நேரமும் போதும். வகுப்பு முடிந்து இருட்டுவதற்குள் ஆடி முடிக்கலாம். இருபத்திருவருக்கு ஒரே பந்து போதும் என்னும் இச்சிக்கனமே எளிய குடும்பத்து மாணவரைக் கால்பந்தின்பால் ஈர்த்தது.

சொல்லைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். பந்து என்னும் சொல் சங்க இலக்கியத்திலேயே உண்டு. ஆனால் அங்குப் பந்தாடுவோர் பெரிதும் மகளிர். புதிய ஆங்கில ஆட்டத்துக்குக் கால்பந்து என்றும் உதைபந்து என்றும் தமிழில் பெயர் அமைந்தன. தமிழகத்தில் முன்னது நிலைத்தது. ஈழத் தமிழர் இன்றும் உதைபந்தாட்டம் என்றே வழங்குகின்றனர்.

திடல் இல்லாத கல்லூரிகள்

ஜார்ஜ் டவுனின் நெருக்கடியில் கல்லூரிகளுக்கு மண்டபம் இருந்தது, தூண் இருந்தது, நூலகம் இருந்தது. கட்டடத்தை ஒட்டிய அகன்ற திடல் இல்லை. ஆட விரும்பியவர் நகரின் திறந்தவெளிகளைத் தேடிச் செல்லவேண்டியிருந்தது. கடற்கரையை ஒட்டிய மாநிலக் கல்லூரிக்கு இவ்வகையில் நல்வாய்ப்பு. கடைத்தெருவின் நடுவே இருந்த கல்லூரிகளுக்கு ஆட்டம் என்பது பயணத்தோடு சேர்ந்தது.

உடற்பயிற்சியைக் கல்வியின் ஒரு பகுதியாகக் கருதவேண்டும் என்னும் எண்ணம் இக்காலத்தில் உறுதிபெற்றதற்கு முதன்மையான காரணர் ஹாரி குரோ பக். அமெரிக்காவிலிருந்து 1919இல் சென்னை வந்த இவர், 1920ஆம் ஆண்டில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் உடற்கல்வி ஆசிரியர் பயிற்சி நிலையத்தைத் தொடங்கினார். ஆசியாவிலேயே முற்பட்ட உடற்கல்வி நிறுவனங்களுள் ஒன்று இது. இன்று நந்தனத்தில் இயங்குகிறது. 1924ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்தியத் தடகள அணியோடும் பக் சென்றார். அதுவரை பள்ளிகளில் படைவீரராயிருந்து ஓய்வுபெற்றவர் வந்து கட்டளையிட, மாணவர் வரிசையில் நின்று கைகால் அசைப்பதே உடற்பயிற்சி எனப்பட்டது. அதற்கு மாறாக, விளையாட்டின் வழியே உடலையும் உள்ளத்தையும் பயிற்றும் முறையையும், அம்முறையில் தேர்ச்சி பெற்ற ஆசிரியர்களையும் இந்நிறுவனம் தந்தது. உங்கள் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியருக்குப் பாடவேளை ஒன்று ஒதுக்கப்பட்டிருக்கிறதே, அதன் வரலாறு இங்கிருந்து வருகிறது. அந்தப் பாடவேளையைத் தேர்வு நெருங்கும்போது வேறு பாடங்கள் கடன் வாங்கிக்கொள்வதும் உங்களுக்குப் புதிய செய்தி அன்று.

இதே ஆண்டுகளில் கடல் கடந்த அமெரிக்காவில் நேர்மாறான சிக்கல். அங்கே கல்லூரிக் கால்பந்து என்பது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறோர் ஆட்டம். மிச்சிகன் பல்கலைக்கழகம் 1927இல் திறந்த அரங்கில் 70,000க்கும் மேற்பட்டோர் அமரலாம். ஆட்டக்காரருக்கு மறைமுகமாகப் பொருள் கொடுத்துக் கல்லூரிகள் சேர்த்துக்கொள்கின்றன என்று கார்னெகி அறக்கட்டளை 1929இல் வெளியிட்ட ஆய்வறிக்கை குற்றஞ்சாட்டியது. அங்கே அரங்கு கல்லூரியை விழுங்கிக்கொண்டிருந்தது. இங்கே கல்லூரி இன்னும் ஒரு திடலைத் தேடிக்கொண்டிருந்தது.

உள்ளே வந்தவரும் வெளியே நின்றவரும்

விளையாட்டு வேற்றுமையை ஒழித்தது என்று எழுதிவிடுவது எளிது. அக்கால உண்மை அவ்வளவு நேரானது அன்று.

செங்கற்பட்டு மாவட்டத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். ஒடுக்கப்பட்ட மக்களின் உரிமைக்காக வாழ்நாள் முழுவதும் போராடிய தலைவர். 1939இல் வெளிவந்த தம் வாழ்க்கைச் சுருக்கத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோயம்புத்தூரில் தாம் பயின்ற நாள்களை அவர் நினைவுகூர்கிறார். உடன்பயில்வோரோடு நட்புக்கொண்டால் தம் சாதி தெரிந்துவிடும். தெரிந்தால் தாழ்வாக நடத்துவர் என்னும் அச்சம். ஆகவே, மணி அடிக்கும் வரை வெளியே எங்கேனும் இருந்து படித்துவிட்டு, மணி அடித்தபின்பே வகுப்புக்குள் நுழைவார். வகுப்பு முடிந்தவுடன் பிறர் எட்டிப்பிடிக்க இயலாதபடி விரைந்து வீடு சேர்வார். மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாட இயலாமை அவர் உள்ளத்தை வாட்டியது. பாடம் மறுக்கப்படவில்லை, இருக்கை மறுக்கப்படவில்லை, ஆட்டம் மறுக்கப்பட்டது. முதுமையிலும் அந்த மாணவர் மறவாத துயரம் அது.

அவரே பின்னர்ச் சென்னைச் சட்டமன்ற உறுப்பினராகி, பொதுச்சாலை, கிணறு, பொதுவிடங்கள் ஆகியவற்றை எல்லாரும் பயன்படுத்தும் உரிமையை வலியுறுத்தும் தீர்மானத்தை 1924இல் கொண்டுவந்தார். சாலையில் நடப்பதற்கே தீர்மானம் வேண்டியிருந்த காலம் என்பதை மனத்தில் கொண்டால், திடலில் ஒன்றாக ஆடுவது எத்துணைப் பெரிய செயல் என்பது புலனாகும்.

1920களின் இறுதியிலும் மாணவர் விடுதிகள் பலவற்றில் சாதிக்கொரு சமையலறையும் பந்தியும் இருந்தன. இருபது மாணவர் ஒரே பந்தை மாற்றி மாற்றி உதைத்து, ஒரே புழுதியில் புரண்டு, தோளோடு தோள் மோதித் திரும்புவர். கைகால் கழுவியபின் உணவுக்கு வெவ்வேறு கதவுகள் வழியே செல்வர். சேரன்மாதேவிக் குருகுலத்தில் தனிப்பந்தி நடந்ததைப் பற்றி 1920களின் நடுவில் தமிழகம் முழுவதும் எழுந்த பெரும் விவாதம், இவ்வழக்கம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதைக் காட்டும். பச்சையப்பன் கல்லூரியும் 1947ஆம் ஆண்டு வரை இந்து மாணவர்களை மட்டுமே சேர்த்துக்கொண்டது. மகளிர் கல்லூரிகளில் விளையாட்டு உண்டு. ஆனால் அவை மதிலுக்குள் நிகழ்ந்தவை.

அப்படியானால் திடல் ஒன்றையும் மாற்றவில்லையா? மாற்றியது என்றே கருத இடமிருக்கிறது. வகுப்பறையில் ஆங்கிலம் நாவில் புரளாத கிராமத்து மாணவன் ஊமையாக அமர்ந்திருப்பான். சொற்போர் மன்றத்திலும் நகரத்து மாணவரே முந்துவர். திடலில் அவனிடம் எவரும் ஆங்கிலம் கேட்பதில்லை. பந்து இடப்பக்க ஓரமாக வந்தால், அதை யார் நடுவே தள்ளுவார் என்பது ஒன்றே கேள்வி. எவர் வீட்டுப் பிள்ளை என்று பார்த்துப் பந்தைக் கொடுக்கும் அணி தோற்கும். இந்தத் தோல்வியின் அச்சம் அறவுரைகள் செய்யாத வேலையைச் சில நேரங்களில் செய்தது. அந்த ஒன்றரை மணி நேரம் முடிந்தபின் அது நீடித்ததா என்பது திடலுக்கு வெளியே இருந்த சமுதாயத்தைப் பொறுத்தது.

திடலுக்கு வெளியே

அச்சமுதாயமும் அமைதியாக இல்லை. 1925 நவம்பரில் காஞ்சிபுரத்தில் கூடிய காங்கிரசு மாநாட்டில், வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் ஏற்கப்படாமையால் பெரியார் வெளியேறினார். 1928 பிப்ரவரி 3ஆம் நாள் சைமன் குழு பம்பாயில் வந்திறங்கியபோது சென்னையில் கடையடைப்பும் எதிர்ப்பும் நிகழ்ந்தன. காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியது. பச்சையப்பன் மண்டபமும் கிறித்தவக் கல்லூரியும் இருந்த உயர்நீதிமன்றச் சுற்றுவட்டமே அன்றைய கொந்தளிப்பின் களம். வகுப்புக்குப் போவதா, ஊர்வலத்துக்குப் போவதா என்ற கேள்வி மாணவர்முன் நின்றது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் செங்கற்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் உள்ள சாதிப் பட்டத்தை விடுமாறு கேட்டது. காஞ்சிப் பகுதி மாணவர் சென்னைக்கு வண்டி மாறும் ஊர் அது.

அதே 1928ஆம் ஆண்டு மே 26ஆம் நாள், ஆம்ஸ்டர்டாமில் இந்திய ஹாக்கி அணி நெதர்லாந்தை 3–0 என்று வென்று நாட்டின் முதல் ஒலிம்பிக் தங்கத்தைப் பெற்றது. அணியின் தலைவராக அங்குச் சென்ற ஜெய்பால் சிங், சோட்டா நாகபுரியின் முண்டா பழங்குடியில் பிறந்து ஆக்ஸ்போர்டில் பயின்றவர். இறுதிப் போட்டியில் அவர் ஆடவில்லை. எனினும் காட்டுப்புறத்துச் சிற்றூரிலிருந்து புறப்பட்ட ஒருவர் கல்லூரித் திடல் வழியாக ஒரு நாட்டின் அணித்தலைவராக உயரமுடிந்தது. பின்னர் அரசியல் நிருணய சபையில் பழங்குடியினரின் குரலாக ஒலித்தவரும் அவரே.

பின்னர்

நகரத்தின் நெருக்கடியிலிருந்து கல்லூரிகள் ஒவ்வொன்றாக வெளியேறின. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு அருகே, சேலையூர்க் காட்டுப் பகுதியில் 300 ஏக்கருக்கும் மிகுந்த பரப்புக்குக் குடிபெயர்ந்தது. பச்சையப்பன் கல்லூரி 1940இல் சேத்துப்பட்டுக்குச் சென்றது. தூண்களோடு கூடிய பழைய மண்டபம் கடைத்தெருவிலேயே நின்றுவிட்டது.

வெறுங்கால் ஆட்டம் இன்னும் சிலகாலம் நீடித்தது. விடுதலை பெற்ற இந்தியாவின் கால்பந்து அணி முதன்முறையாக ஒலிம்பிக்கில் ஆடியது 1948 ஜூலை 31ஆம் நாள், இலண்டனில். அணித்தலைவர் தாலிமெரன் ஆவோ, நாகர் இனத்தவர். கௌகாத்தியின் காட்டன் கல்லூரியில் ஆடிப் பழகி, கல்கத்தாவில் மருத்துவம் பயின்றவர். எதிரணி பிரான்சு. இந்தியருள் பெரும்பாலோர் வெறுங்காலோடு இறங்கினர். இரண்டு பெனால்டி உதைகளை இந்தியா வீணாக்கியது. 2–1 என்று தோற்றது. அந்த ஒரு கோலை, ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோலை, அடித்தவர் சாரங்கபாணி இராமன். நான்கு ஆண்டுகளுக்குப் பின், ஹெல்சிங்கியில் யூகோசுலாவியாவிடம் 10–1 என்று தோற்றபிறகே, இந்திய ஆட்டக்காரர் அனைவரும் காலணி அணிந்தே ஆடவேண்டும் என்று விதி செய்யப்பட்டது.